மின்னல் பிடிக்கும் கோபுரமும் நாலு பேர் ரூமும்

அந்தச் செய்தியை எங்கள் கம்பெனியில் முதலில் நம்பிய மடையன் நான்தான். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கீழே கைகூப்பும் படம் ஒன்றும், "நல்ல காலம் பிறந்தது" என்று என் சொந்த வாசகம் ஒன்றும் சேர்த்தேன். ஊரையெல்லாம் ஏமாற்றிச் சிரிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஆள் நான். அப்படிப்பட்டவன் விழுந்த விழுகை, எழுந்து தூசி தட்டவும் நேரமில்லாத விழுகை.

இப்போது இதை எழுதக் காரணம், புதிதாகப் போர்மேன் வேலைக்கு வருகிறவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பு. "செல்போனில் வரும் வதந்தியைப் பற்றி அனுபவஸ்தர் என்ற முறையில் பேசுங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வதந்தியை எதிர்த்த அனுபவம் என்று நினைத்துவிட்டார்கள் போல. வகுப்பில் போய் நின்று வழிவதற்கு முன்னால் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

செய்தி இதுதான். "மின்னலுக்கும் மாவட்டத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் வானத்தை முட்டும் ஒரு கோபுரத்தின் படம். பட்டாசுத் தொழிலைப் பாதுகாக்க விருதுநகர் மாவட்டத்தில் மின்னல் பிடிக்கும் கோபுரம் செயல்படத் தொடங்கிவிட்டது. இனி எந்த மின்னலும் தரைக்கு வராது. பிடிபடும் மின்னல் கரண்டு ஆபீசுக்கு அனுப்பப்படும். இடிச் சத்தம் மட்டும் பாரம்பரியம் கருதித் தொடர அனுமதிக்கப்படும். மிஞ்சும் மின்னலைப் பக்கத்து மாவட்டத்துக்குத் திருப்பி விடுவது பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என்னை நம்ப வைத்தது அந்தக் கடைசி வரிதான். நமக்கு வேண்டாததைப் பக்கத்து ஊருக்குத் தள்ளுவதும், அதற்கு ஒரு பேச்சுவார்த்தை வைப்பதும் நடக்கிற காரியம்தானே? பொய் சொல்கிறவனுக்கு இப்படி ஒரு வரி தோன்றாது என்று அடித்துச் சொல்வேன் அன்றைக்கு. செய்தி வந்தது ஒரு கேலிப் பத்திரிகையில். இணையத்தில் மட்டும் வருகிறது. நாட்டு நடப்பை நையாண்டி செய்து எழுதுகிறார்கள். பெயரிலேயே கேலி என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த படத்தில் பெயர் இருந்த மேல் பகுதியை யாரோ நறுக்கிவிட்டிருந்தார்கள். நறுக்காமல் வந்திருந்தாலும் நான் கோபுரத்தைத்தான் பார்த்திருப்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏன் எங்களுக்கு அவ்வளவு இனித்தது என்று புரியாது. பட்டாசுக் கம்பெனியில் இடி மின்னல் வந்தால் வேலை கிடையாது. மணி அடிக்கும், ரூமைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், வானம் தெளிந்த பிறகுதான் உள்ளே போகலாம். சில நாள் போகவே முடியாது. எங்களிடம் அநேகம் பேருக்குச் செய்கிற உருப்படிக்குத்தான் கூலி. மேகம் கறுத்தால் கூலி வெளுக்கும். அதுவும் புரட்டாசி மாசத்தில், தீபாவளி ஆர்டர் எல்லாம் லாரி ஏறக் காத்துக்கொண்டிருக்கிறபோது, தினமும் மத்தியானம் வானம் உறுமினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு ரூமுக்கும் இடிதாங்கி இருக்கிறது. இருந்தும் வெளியே வரத்தான் வேண்டும். அந்த இடிதாங்கிக்கு ஒரு பெரியண்ணன் வந்துவிட்டான் என்று கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கொஞ்ச நாள், சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற இடத்தில் கொஞ்ச நாள், அப்புறம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு. மத்தாப்பு, சரவெடி, ராக்கெட்டு என்று எல்லா ரூமுக்கும் மாறி மாறிப் போய், பரீட்சை எழுதிப் போர்மேன் ஆனேன். பேர் சங்கரபாண்டி. பொம்பளைகளுக்குப் போர்மேன் அண்ணாச்சி.

கூடவே வளர்ந்தது என் வாய். புதிதாக வந்த கணக்குப்பிள்ளை தங்கராசுவிடம், "ராக்கெட்டுப் பெட்டியெல்லாம் கிழக்கே தலை வச்சுத்தான் அடுக்கணும், இல்லாட்டி திசை மாறிப் போயிரும்" என்று சொல்லி வைத்தேன். மனுசன் ஒரு வாரம் குடோனில் பெட்டி திருப்பினார். முதலாளிக்குப் பேரன் பிறந்ததற்கு மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி என்று ஒரு தடவை கிளப்பிவிட்டேன். அன்றைக்குப் பாதிப்பேர் சோற்றுத் தூக்கு கொண்டுவரவில்லை. நானும்தான் பட்டினி. மகள்மேல் சத்தியம் செய்து சொன்ன பொய் அது. மணியில் மட்டும் ஒருநாளும் விளையாடியதில்லை. அது ஒன்றுதான் என் கணக்கில் நல்ல மார்க்கு.

எங்கள் மானேஜர் சாமுவேல் சார் எனக்கு நேர் எதிர். அவர் வீட்டில் அத்தனை பேரும் வாத்தியார்கள். பேசுகிற பங்கையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். காலையில் கேட்டில் நிற்பார். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வாட்ச்மேன் கருப்பையாவிடம் செல்போனைக் கொடுப்பதையும், அவர் அதை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவதையும் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. எந்த ரூம் வாசலானாலும் செருப்பைக் கழற்றுவார். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவார். உடம்பில் ஏறியிருக்கும் சின்னக் கரண்டு தரைக்குப் போய்விடுவதற்காக வைத்த தகடு அது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ரூமாக இருந்தாலும் தொடுவார். கோயில் படியைத் தொடுகிறவர்கள்கூட ஒருநாள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். இவர் விட்டதை நான் பார்த்ததில்லை.

அவர் எங்களிடம் ஊற வைத்த பழக்கம் இன்னொன்று. ஒரு ரூமில் நாலு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். எல்லாக் கம்பெனியிலும் சுவரில் எழுதியிருக்கும். எங்களிடம் அது காலில் எழுதியிருந்தது. நாலு பேர் வேலை செய்கிற ரூமுக்குள் ஐந்தாவதாக யார் நுழைந்தாலும் வாசலுக்குக் கிட்ட இருக்கிறவர் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். "கொஞ்சம் வெளிய இரும்மா" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் சார் ஒவ்வொரு ரூமாகப் போய் பேசாமல் நிற்பாராம். ஆள் எழுந்து போகிறவரை நகர மாட்டாராம். இப்படியே எத்தனையோ வருசம். பேச்சு பாதியில் இருந்தாலும் சரி, சிரிப்பு பாதியில் இருந்தாலும் சரி, உள்ளே ஒரு கால் வந்தால் வெளியே ஒரு கால் போகும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

நான் செய்தியைக் குரூப்பில் போட்டது முந்தின நாள் சாயங்காலம். மறுநாள் காலையில் வேனில் ஏறினால் பேச்செல்லாம் கோபுரம்தான். ஒருத்தி, "எங்க மச்சான் ஆனைக்குட்டம் டேம் பக்கம் அதுக்குக் குழி தோண்டுனதைப் பார்த்திருக்காக" என்றாள். இன்னொருத்தி அந்தக் குழிக்குக் கம்பி ஏற்றிப்போன லாரியைப் பார்த்திருக்கிறாள். வேன் கம்பெனியை அடைவதற்குள் கோபுரத்துக்கு லிப்ட்டும் வந்துவிட்டது. இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. முழு மூச்சாக உழைத்து நான் ஏமாற்றியது ஒரு கணக்குப்பிள்ளையை. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு படத்தை ஒட்டி ஒரு தாலுகாவையே தூக்கி நிறுத்திவிட்டான். இந்த மலைப்பு எனக்கு அப்புறம்தான் வந்தது. அன்றைக்குக் காலையில் நானும் லிப்ட்டு எத்தனை பேரைத் தாங்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ரூமுக்குத் திரும்பிய பிறகு கேட்டுக்குப் போய் என் போனை வாங்கிப் பார்த்தேன். மதுரையில் நர்ஸாக இருக்கும் என் மகளுக்கும் அனுப்பியிருந்தேன். பதில் வந்திருந்தது. "அப்பா, அது கேலிப் பத்திரிகை. உடனே அழிங்க. மானத்தை வாங்காதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கருப்பையாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் மருமகனுக்கு அனுப்பினது?" என்றார். சாயங்காலம் வேனில் எல்லோருக்கும் சொல்லி ஒரு கூத்து அடிக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு ரூம்கள் பக்கம் திரும்பினேன். ஆனைக்குட்டம் பக்கத்து வானம் அடுப்புக் கரி மாதிரி இருந்தது.

முதல் உறுமல் கேட்டதும் சார் ஆபீஸ் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் மணியை அடித்தேன். மணி அடித்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையில் இருப்பதை இருக்கிறபடி வைக்க வேண்டும். மூடுகிறேன், எடுத்து வைக்கிறேன் என்று இறங்கக்கூடாது. எழுந்து வெளியே வந்து நடக்க வேண்டும், ஓடக்கூடாது. கேட்டுப் பக்கம் இருக்கும் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார வேண்டும். ஒவ்வொரு ரூமாக ஆட்கள் வந்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சிணுங்கிக்கொண்டு வந்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

கடைசி வரிசையில் ஓரத்து ரூமிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அது புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். மாரியம்மாள், செல்வி, இன்னும் இரண்டு பேர். மாரியம்மாள்தான் அங்கே மூத்தவள். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. நான் போய் வாசலில் நின்றேன். நாலு பேரும் தலை நிமிராமல் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாரியம்மா, மணி கேக்கலையா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி. நல்லாத்தான் அடிச்சீக."

"அப்ப எந்திரிங்க."

"எதுக்கு? அதான் மின்னலைப் பிடிச்சுக் கரண்டு ஆபீசுக்கு அனுப்புதாகள்ல? மணியெல்லாம் பழைய சட்டம். சாருக்கு இன்னும் தாக்கல் வரலை போல."

"அது பொய்ச் செய்தி, தாயி. கேலிக்கு எழுதினது."

செல்வி நிமிர்ந்தாள். "நீகதான அண்ணாச்சி குரூப்புல போட்டீக?"

"நான்தான் போட்டேன். நானும் ஏமாந்துட்டேன்."

ரூமே சிரித்தது. "நீக ஏமாந்தீகளா!" என்றாள் மாரியம்மாள். "கணக்குப்பிள்ளையை வாரம் பூராம் பெட்டி தூக்க விட்ட ஆளு ஏமாந்தீகளாக்கும்! ஏ செல்வி, கேட்டியா? இப்பத்தான் நம்மளை ஏமாத்துதாக."

"என் மக மேல சத்தியமா, மாரியம்மா."

"பிரியாணிக்கும் மக மேலதான் சத்தியம் பண்ணீக. அந்தப் பிள்ளை பாவம், எம்புட்டுத்தான் தாங்கும்?"

வானம் மறுபடி உறுமியது. இந்தத் தடவை கிட்டத்தில். "கேளுங்க, இடி கேக்குதா இல்லையா?" என்றேன்.

"சத்தம் மட்டும் வரும்னு அதுலயே போட்டிருந்துச்சே. நீக முழுசாப் படிக்கலையா?"

முழுசாகப் படித்துத்தான் இருந்தேன். எழுதியவன் எல்லா வாசலையும் அடைத்துவிட்டுப் போயிருந்தான். இடி இடித்தால் செய்தி மெய், இடிக்காவிட்டாலும் மெய்.

கெஞ்சினேன். கோபப்பட்டேன். என் முகத்தில் கோபம் ஒட்டாது. அழுதால்கூடச் சிரிக்கிற மாதிரி இருக்கும். நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்கள் நல்ல நாடகம் பார்க்கிற மாதிரி ரசித்தார்கள். "அண்ணாச்சி கண்ணுல தண்ணியே வந்திருச்சுடி" என்றாள் செல்வி. வந்திருந்தது நிசம்தான். நாலு பேர் நடுவிலும் மருந்து பரப்பிக் கிடக்கிறது. மேலே வானம் பல்லைக் கடிக்கிறது. அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் என் பேச்சு ஒன்றுதான் இருக்கிறது. அதை நானே காலமெல்லாம் செல்லாக் காசாக்கி வைத்திருக்கிறேன். கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. மருந்து ரூமில் இழுபறி என்பது மின்னலைவிட மோசம்.

அப்போதுதான் சாமுவேல் சார் வந்தார். ஓடி வரவில்லை. தினமும் காலையில் வருகிற அதே நடை. அவருக்குப் பின்னால் கருப்பையாவும் தங்கராசுவும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினார். செம்புத் தகட்டைத் தொட்டார். உள்ளே போய் நின்றார்.

வாசலுக்குக் கிட்ட இருந்தவள் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தாள். எழுந்தாள். என்னைத் தாண்டி வெளியே போனாள். அவள் முகத்தில் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மிச்சம் இருந்தது. எழுந்தது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

சார் என்னைப் பார்த்துத் தாடையை லேசாக அசைத்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் அவர் தாடை அசைத்தால் என் கால் போகும். செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு உள்ளே போனேன். செல்வி எழுந்து வெளியே போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கருப்பையா வந்தார். இன்னொருத்தி போனாள். இப்போது ரூமில் நாங்கள் மூன்று ஆண்கள், மாரியம்மாள் ஒருத்தி. அவள் கை நின்றுவிட்டது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு, "இன்னும் நாலு குழாய்தான் கிடக்கு" என்றாள். சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் தங்கராசு. ஆபீசைத் தாண்டி மருந்து ரூமுக்கு வந்தே அறியாத மனுசன். தகட்டை ஒரு தடவைக்கு மூன்று தடவை தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார்.

மாரியம்மாள் எழுந்துவிட்டாள். தெரிந்தும் எழுந்தாள். உட்கார்ந்திருக்க அவளுக்கு ஆசை, உட்கார முடியவில்லை. ஐந்து பேர் இருக்கிற ரூமில் இருக்க அவள் உடம்பு சம்மதிக்கவில்லை. "நல்லா இருக்கு உங்க நியாயம்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு வெளியே போனாள். வெளியே போனவள் அண்ணாந்து பார்த்தாள். ரூமுக்குள்ளிருந்து வானம் தெரியாது. பார்த்ததும் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் போன மூன்று பேரையும் "நடங்கடி" என்று தள்ளிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள்.

உள்ளே நாங்கள் நாலு பேர், சுற்றிலும் மருந்து. சார் அன்றைக்கு அந்த ரூமில் பேசிய ஒரே வார்த்தை, "போவோம்."

கண்ணை மூடியிருந்த தங்கராசுவை நான் திருப்பிவிட வேண்டியிருந்தது. கிழக்கே அல்ல, வாசல் பக்கம். சார் கடைசியாக வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓட வேண்டும் போல இருந்தது. முன்னால் போன பெண்கள் நடந்தார்கள், நாங்களும் நடந்தோம்.

கொட்டகையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தது. எங்கள் ரூம்மேல் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் தரிசில் நின்ற பனைமரத்தில். வெள்ளையாக ஒன்று மேலிருந்து கீழே நின்றது. வந்ததாகத் தெரியவில்லை, போனதாகத் தெரியவில்லை, நின்றது. அப்புறம்தான் சத்தம். ஆயுசு முழுக்கச் சத்தம் செய்து விற்றவன் நான். அதைச் சத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தரை எங்களைத் தூக்கிப் போட்டது. பனையின் தலை, அந்த மழையிலேயே, மத்தாப்பு மாதிரி எரிந்தது. செல்வி என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாரியம்மாள் பனையைப் பார்த்தபடியே முந்தானையைப் பிழிந்தாள்.

"கோபுரத்துக்கு இன்னும் கரண்டு குடுக்கலை போல" என்றாள்.

அவளைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. மின்னலைப் பார்த்த பிரமிப்பைவிட அது எனக்குப் பெரிய பிரமிப்பாக இருந்தது. எரிகிற பனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருத்தி கோபுரத்தை நம்புகிறாள். அதே ஒருத்தி, நம்பிக்கை தலையில் அப்படியே இருக்க, ஐந்தாவது ஆள் வந்தால் எழுந்து போகிறாள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அன்றைக்கு அந்த நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பியது கால்தான். எந்தப் பேச்சும் நுழைய முடியாத இடத்தில் ஒரு மனுசன் பேசாமல் போய் நின்றே நாலு பேர் சட்டத்தை எழுதி வைத்திருக்கிறார்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. செய்தியின் மேல் பகுதியைப் பாருங்கள், பேரைப் பாருங்கள், அனுப்புவதற்கு முன்னால் யோசியுங்கள் என்று சொல்லலாம். சொல்வேன். அவர்களும் தலையாட்டிவிட்டு, போனை எடுத்து அடுத்த கோபுரத்தை அனுப்புவார்கள். நானே அனுப்பினாலும் அனுப்புவேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டு வேன் கிளம்புகிற நேரம். பெண்களெல்லாம் ஏறிவிட்டார்கள்; கேட்டில் சாரும் நானும்தான். அவர் செருப்பிலிருந்த சகதியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. மருந்துக்கு நடுவில், மின்னலுக்குக் கீழே, அந்த யோசனை ஒரு மனுசனுக்கு எங்கிருந்து வரும்? அதைக் கேட்காமல் வேன் ஏற முடியாது என்று தோன்றியது.

"சார், எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் அசையலை. நீங்க வந்தீங்க, ஒரு வார்த்தை பேசலை, நாலு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாக. சொல்லிப் புரியவைக்கணும்னுதானே சார் யாருக்கும் முதல்ல தோணும்? சும்மா உள்ள போய் நின்னாப் போதும்னு உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?"

சார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அங்க உங்க பேச்சு முடியிற மாதிரித் தெரியலை. அதான்."